கீறலுக்கு யார் பொறுப்பு? கைத்துப்பாக்கியின் மெருகும் உற்பத்தியாளரின் உத்தரவாதமும்

புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியின் பெட்டியை ஒருவர் திறக்கிறார். குழல்வாய்க்கு அருகே ஒரு கீறல் தென்படுகிறது. பக்கவாட்டில் நீல மெருகு ஓரிடத்தில் அடர்ந்தும் வேறோரிடத்தில் வெளிறியும் கிடக்கிறது. பிடியின் மரம் உலோகத்தோடு பொருந்துமிடத்தில் மயிரிழை இடைவெளி. சுட்டுப் பார்த்தால் குறி தவறவில்லை. இயக்கத்தில் தடங்கலும் இல்லை. உற்பத்தியாளரின் உத்தரவாதப் பிரிவுக்கு அவர் படங்களுடன் எழுதுகிறார். மறுமொழி வருகிறது: இவை செயல்பாட்டைப் பாதிக்காத தோற்றக் குறைகள், தொழிற்சாலையின் தர எல்லைக்கு உட்பட்டவை.

தனிமனிதர்க்குத் துப்பாக்கி விற்கப்படும் நாடுகளில் இத்தகைய கடிதப் போக்குவரத்து அன்றாட நிகழ்ச்சி. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது செல்வர் ஒருவரின் சிறு மனக்குறையாகத் தோன்றலாம். ஆயினும் இதனடியில் நெடிய வரலாறுடைய ஒரு வினா இருக்கிறது. ஒரு பொருளில் உள்ளது குறையா, இல்லையா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உரியது? செய்தவனுக்கா, விற்றவனுக்கா, வாங்கியவனுக்கா, அரசுக்கா? உயிரைக் காக்கவும் போக்கவும் வல்ல கருவி என்பதால், துப்பாக்கியின் வரலாற்றில் இவ்வினா பிற பொருள்களைக் காட்டிலும் கூர்மையாக எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளும் காலந்தோறும் மாறின.

1. இரும்புக்கு ஒரு நாள்

வாங்கிய பொருளைத் திருப்பித் தரும் உரிமை தற்கால நுகர்வோர் இயக்கத்தின் கண்டுபிடிப்பு அன்று. வாங்கியோ விற்றோ பின்னர் மனம் மாறியவர் பத்து நாள்களுக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம் என்கிறது மனு ஸ்மிருதி. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இன்னும் நுணுக்கமாகப் பொருளுக்குப் பொருள் சோதனைக் காலத்தை வகுக்கிறது. விதைக்குப் பத்து நாள். பாரம் இழுக்கும் விலங்குக்கு ஐந்து நாள். மணிகளுக்கு ஏழு நாள். கறவை மாட்டுக்கு மூன்று நாள். இரும்புக்கு ஒரே ஒரு நாள். மனிதரையும் இப்பட்டியலில் வைத்துக் காலம் குறித்த சமூகத்தின் சட்டம் அது என்பதையும் மறத்தலாகாது.

இக்காலவரைகளில் ஒரு தருக்கம் இருக்கிறது. விதையின் குறை முளைத்தால்தான் தெரியும். பசுவின் குறை கறந்தால்தான் தெரியும். இரும்பின் குறையோ பார்த்த அன்றே தெரிந்துவிடும் என்று அக்காலத்தார் கருதியிருக்க வேண்டும். வாங்குபவர் பொருளைத் தாமே முன்கூட்டி ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றும், ஆராய்ந்து ஏற்றபின் விற்றவரிடம் அது திரும்புவதில்லை என்றும் நாரத ஸ்மிருதி விதிக்கிறது.

உரோமச் சட்டமும் இதே கோட்டைக் கிழித்தது. சந்தையை மேற்பார்த்த ஈடில்கள் என்னும் அதிகாரிகளின் ஆணைப்படி, அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் மறைந்த குறைகளுக்குப் பொறுப்பாளிகள். எவர் கண்ணுக்கும் புலப்படும் குறைக்கு அப்பொறுப்பு இல்லை. அத்தகைய வெளிப்படைக் குறைக்கு உரோமச் சட்ட அறிஞர் காட்டும் சான்றுகளுள் ஒன்று, உடலில் தெளிவாகத் தெரியும் தழும்பு.

மறைந்த குறை விற்றவனுடையது. தெரியும் குறை வாங்கியவனுடையது. இந்தப் பழைய பங்கீட்டின்படி பார்த்தால், துப்பாக்கியின் மேலுள்ள கீறல் வாங்கியவர் கணக்கில்தான் சேரும். பின்வந்த வரலாறு முழுவதும் இப்பங்கீட்டோடு நடந்த வழக்காடல் என்றே கொள்ளலாம்.

2. நோக்கியதற்கு ஒரு முத்திரை, சோதித்ததற்கு ஒரு முத்திரை

1637இல் முதலாம் சார்லசு மன்னர் இலண்டன் துப்பாக்கி வினைஞர் குழுமத்துக்குப் பட்டயம் அளித்தார். தரங்கெட்ட குழல்கள் வெடித்துச் சுடுபவரையே கொல்வதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. வழக்கமான அளவைவிட மிகுந்த வெடிமருந்தை இட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் பிளவாமலும் புடைக்காமலும் தாங்கினால் முத்திரை விழும். கைத்துப்பாக்கிக் குழலும் இதற்கு விலக்கன்று.

இலண்டன் குழல்களில் காணப்படும் முத்திரைகள் இரண்டு. முடி சூடிய ‘வி’ எழுத்து, குழல் கண்ணால் நோக்கி ஆராயப்பட்டது என்பதன் அடையாளம். முடி சூடிய ‘ஜி.பி.’ என்னும் கூட்டெழுத்து, அது சுட்டுச் சோதிக்கப்பட்டது என்பதன் அடையாளம். நோக்கு, சோதனை ஆகிய இரண்டும் உலோகத்தில் அருகருகே பதிந்தன. ஆனால் அந்த நோக்கு அழகை நோக்கியதன்று. வெடிப்பு, பிளவு, பற்றவைப்பின் குறை ஆகியவற்றைத் தேடிய நோக்கு அது. மெருகு ஒளிர்கிறதா, செதுக்கு வேலை ஒழுங்காக உள்ளதா என்பன சோதனையாளரின் கவலைகள் அல்ல. சோதனை முத்திரையே உலோகத்தில் அடித்துப் பதித்த ஒரு வடுதான் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

1813இல் பர்மிங்காம் சோதனைக்கூடம் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. சோதிக்கப்படாத குழலை விற்பது குற்றமாயிற்று. 1868ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை மேலும் ஒழுங்குபடுத்தியது. இன்றும் பிரித்தானியாவில் இச்சோதனை கட்டாயம். குழல் வெடிக்காது என்பதற்கு நாடே சான்றளித்தது. குழல் அழகாக இருக்கும் என்பதற்கு எவரும் சான்றளிக்கவில்லை. அது தேவைப்படவும் இல்லை. நல்ல துப்பாக்கி வாங்குபவர் வினைஞரின் கடைக்கே சென்றார், கையில் எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், பிடிக்கவில்லையென்றால் கீழே வைத்தார். கீறலைக் கண்டுகொள்ள வாங்குபவரின் கண் போதுமானதாக இருந்தது.

3. அழகிய துப்பாக்கி வெடித்த வழக்கு

ஆங்கிலப் பொதுச்சட்டம் வாங்குபவருக்குச் சொன்ன அறிவுரை சுருக்கமானது: வாங்குபவனே, விழித்திரு. 1603ஆம் ஆண்டின் சாண்டலர் எதிர் லோபசு வழக்கு இதற்குப் புகழ்பெற்ற சான்று. பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லைப் பெசோவார் என்னும் மருத்துவக் கல் என்று கூறி விற்றார். அது அவ்வகைக் கல் அன்று. ‘இது பெசோவார்’ என்று சொன்னதே உத்தரவாதம் ஆகிவிடாது. உத்தரவாதம் தருவதாகவே சொல்லியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது.

இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1837இல், துப்பாக்கி ஒன்று அந்நீதிமன்றங்களின் முன் வந்தது. அதுவே இலாங்ரிட்ச் எதிர் லெவி வழக்கு. தமக்கும் தம் மக்களுக்கும் பயன்படும் என்று தந்தை ஒருவர் துப்பாக்கி வாங்கினார். புகழ்பெற்ற நாக் என்னும் வினைஞர் செய்தது, மன்னர் நான்காம் ஜார்ஜுக்காகச் செய்யப்பட்டது என்றெல்லாம் விற்றவர் கூறியிருந்தார். அது நாக் செய்த துப்பாக்கி அன்று. மகன் சுட்டபோது அது வெடித்து அவன் கையைச் சிதைத்தது.

சட்டச் சிக்கல் எளிதானதன்று. ஒப்பந்தம் தந்தையோடு, காயம் மகனுக்கு. ஒப்பந்தத்தில் இல்லாத மகன் உத்தரவாதத்தைக் கொண்டு வழக்காட இயலாது. நீதிமன்றம் உத்தரவாதத்தின் வழியே செல்லாமல் வஞ்சகத்தின் வழியே சென்றது. அறிந்தே சொன்ன பொய்யை நம்பி யார் பயன்படுத்துவார் என்று விற்றவருக்குத் தெரிந்திருந்ததால், மகனுக்கும் ஈடு கிடைத்தது.

பொருட்பொறுப்புச் சட்ட வரலாற்றில் இவ்வழக்கு ஒரு மைல்கல் என்று மாணவர் படிக்கின்றனர். தோற்றத்தின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. நல்ல பெயரும் நல்ல தோற்றமும் உள்ளுறுதிக்குச் சான்று என்னும் நம்பிக்கையின் மீதே அந்த விற்பனை நடந்தது. வெளிப்புறம் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுகிறது என்று மக்கள் நம்பினர். விற்பவரும் அதை அறிந்தே வெளிப்புறத்தை அணிசெய்தனர்.

4. மெருகு என்னும் சாட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைத்துப்பாக்கி வினைஞரின் பட்டறையை விட்டுத் தொழிற்சாலைக்குள் புகுந்தது. சாமுவேல் கோல்ட் 1836இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் தொடங்கிய முதல் முயற்சி 1842இல் முடங்கியது. பின்னர்ப் படைத்துறை ஆணைகளால் மீண்டெழுந்து, 1855இல் ஆர்ட்ஃபர்ட் நகரில் பெருந்தொழிற்சாலையைத் திறந்தார். அங்கே இயந்திரம் வெட்டிய உறுப்புகள் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் பிறந்தன. செய்தவரும் வாங்குபவரும் இனி ஒருவரையொருவர் காணப்போவதில்லை.

இந்தத் தொலைவை நிரப்பும் பணி பொருளின் தோற்றத்தின் மேல் விழுந்தது. கோல்ட்டின் 1851ஆம் ஆண்டு ‘நேவி’ சுழல்துப்பாக்கியின் உருளையில் 1843இல் நடந்த கடற்போர்க் காட்சி ஒன்று பதிந்திருந்தது. அதைச் செதுக்கிய ஆர்ம்சுபி, வங்கித்தாள் செதுக்குவதில் பெயர் பெற்றவர். கள்ளநோட்டைத் தடுக்கும் கைத்திறன் போலித் துப்பாக்கியைத் தடுக்கவும் அழைக்கப்பட்டது. அழகு இங்கே அணி மட்டும் அன்று. இது உண்மைப் பொருள் என்னும் உறுதிமொழியும்கூட.

நீல மெருகும் இவ்வாறே. புளூயிங் எனப்படும் அது வண்ணப்பூச்சு அன்று. எஃகின் மேற்பரப்பைக் கட்டுப்பாட்டோடு ஆக்சிசனேற்றம் செய்து உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு அடுக்கு அது. அடியிலுள்ள எஃகு எவ்வளவு பொறுமையாக மெருகிடப்பட்டதோ அவ்வளவுதான் நீலமும் ஒளிரும். அரத்தின் கோடு எஞ்சியிருந்தால் நீலம் அதை மூடாது, காட்டிக்கொடுக்கும். ஆகவே ஆழ்ந்த சீரான நீலம் எத்தனை கைகள் எத்தனை நாழிகை உழைத்தன என்பதற்குக் கண்கூடான கணக்கு.

தோற்றக் குறையைக் கண்டு வாங்கியவர் ஏன் கலங்குகிறார் என்பதற்கான விடையின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. எஃகு சரியாகப் பதனிடப்பட்டதா என்பதை அவரால் காண முடியாது. உள்ளே ஊசியும் விற்சுருளும் அளவோடு வெட்டப்பட்டனவா என்பதை அளக்க அவரிடம் கருவி இல்லை. அவருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி வெளிப்புறம். வெளியே தெரியுமிடத்திலேயே கவனம் பிசகியிருந்தால், தெரியாத இடத்தில் என்ன நேர்ந்திருக்குமோ என்பதே அவர் அச்சம். ‘இது வெறும் தோற்றக் குறை’ என்னும் மறுமொழி இந்த அச்சத்தைத் தொடுவதே இல்லை.

அரசு வாங்கும்போது நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்கப் படைத்துறை தன் ஆய்வாளர்களைத் தொழிற்சாலைக்குள்ளேயே அனுப்பியது. அவர்கள் அளவைக் கருவிகளால் உறுப்புகளைச் சோதித்தனர். ஏற்றவற்றில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தனர். ஒதுக்கியவற்றில் தள்ளுபடியைக் குறிக்கும் ‘சி’ எழுத்தை அடித்தனர். எது குறை என்று சொல்லும் அதிகாரம் அங்கே வாங்குபவர் கையில் இருந்தது. வாங்குபவர் அரசாங்கம் என்பதால். அதே துப்பாக்கியைக் கடையில் வாங்கிய தனிமனிதர்க்கு ஆய்வாளரும் இல்லை; தள்ளுபடி முத்திரையும் இல்லை.

5. போர் உரித்த மெருகு

உற்பத்தியாளர் தரப்புக்கும் வரலாற்றில் வலுவான சான்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் எம்1911ஏ1 கைத்துப்பாக்கிகள் ஒளிரும் நீலத்தை விட்டு, பார்க்கரைசிங் எனப்படும் மங்கிய சாம்பல்நிற ஃபாசுஃபேட்டுப் பூச்சுக்கு மாறின. துருவைத் தடுக்கவும் விரைவாகச் செய்யவும் ஏற்றது அது. செருமனியின் வால்தர் பி38 கைத்துப்பாக்கிகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கினால் போரின் போக்கே அவற்றின் மேனியில் தெரியும். தொடக்க ஆண்டுகளில் செய்தவை கண்ணாடிபோல மின்னுகின்றன. 1944, 1945 ஆண்டுகளில் வந்தவற்றில் வெட்டுக்கருவியின் தடங்கள் மறைக்கப்படாமலே கிடக்கின்றன. ஆயினும் அவை சுட்டன.

வெளிப்புறத்தையும் உட்செயலையும் பிரிக்கலாம் என்பதைப் போர் மெய்ப்பித்தது. அமைதிக்காலச் சந்தை இப்பாடத்தை இரு வகையில் கற்றது. ஒன்று, குறைந்த விலைக்குக் குறைந்த மெருகு என்னும் வணிக முறை. சிறு வடுவுள்ள துப்பாக்கிகளை அதைச் சொல்லியே விலை குறைத்து விற்பதும் இதில் அடங்கும். வாங்குபவர் அறிந்தே ஏற்பதால் இதில் வஞ்சகம் இல்லை. மற்றொன்று, முழு விலைக்கு விற்ற துப்பாக்கியிலும் மெருகின் குறையை ‘செயல்பாட்டைப் பாதிக்காதது’ என்னும் ஒரே வகைக்குள் தள்ளிவிடும் உத்தரவாத மொழி. முன்னதை நியாயமாக்கும் தருக்கத்தைப் பின்னதற்கும் நீட்டுவதில்தான் தகராறு பிறக்கிறது. போர்க்காலத் துப்பாக்கி தன்னை அழகியது என்று விளம்பரம் செய்துகொள்ளவில்லை. இன்றைய விளம்பரம் துப்பாக்கியின் பளபளப்பையே முதற்படமாகக் காட்டுகிறது.

6. சட்டத்துக்குள் நுழைந்த தோற்றம்

1893இல் பிரித்தானியப் பொருள் விற்பனைச் சட்டம் இயற்றப்பட்டது. வணிகரிடம் விவரத்தைச் சொல்லி வாங்கும் பொருள் வணிகத்துக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்னும் உள்ளார்ந்த நிபந்தனையை அது எழுத்தில் வைத்தது. ஆனால் பொருளை வாங்குபவர் ஆராய்ந்திருந்தால், அந்த ஆராய்ச்சியில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு நிபந்தனை பொருந்தாது. உரோமரின் தழும்பு இங்கும் தொடர்ந்தது.

பொருள் ஓடினால் போதுமா, அழகாகவும் இருக்க வேண்டுமா என்னும் வினாவைத் தீவிரமாக எழுப்பியவை புதிய மோட்டார் வண்டிகள். 1987இல் ரோஜர்சு எதிர் பாரிசு வழக்கில், விலையுயர்ந்த புதிய வண்டியின் எந்திரத்திலும் உடற்பகுதியிலும் குறைகள் இருந்தன. வண்டியை ஓட்ட முடிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனால் நிறைவடையவில்லை. வண்டி வாங்குபவர் ஓரிடத்திலிருந்து வேறோரிடம் செல்வதற்கு மட்டும் பணம் தரவில்லை. வண்டியின் தோற்றத்தில் கொள்ளும் பெருமிதத்துக்கும் சேர்த்தே தருகிறார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1994ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதைச் சட்டத்தின் சொற்களாகவே ஆக்கியது. ‘வணிகத்தரம்’ போய் ‘நிறைவளிக்கும் தரம்’ வந்தது. அதன் கூறுகளாக வழக்கமான பயனுக்கு ஏற்றதாயிருத்தல், பாதுகாப்பு, நீடித்துழைத்தல் ஆகியவற்றோடு தோற்றமும் மெருகும், சிறுகுறைகள் இன்மையும் எண்ணப்பட்டன. 2015இன் நுகர்வோர் உரிமைச் சட்டமும் இவற்றைத் தக்கவைத்தது. இவை எல்லாப் பொருளுக்கும் எல்லாச் சூழலிலும் பொருந்தும் கட்டளைகள் அல்ல. விலையும் விவரிப்பும் நோக்கி எடைபோட வேண்டிய கூறுகள். மலிவான பழம்பொருளிடம் புதுப்பொருளின் பொலிவை எதிர்பார்க்க முடியாது. எனினும் ‘தோற்றக் குறை, ஆகவே குறையே அன்று’ என்னும் வாதத்துக்கு அச்சட்டத்தில் இடம் இல்லாமற் போயிற்று.

7. அமெரிக்காவின் முரண்

கைத்துப்பாக்கி உத்தரவாதம் மிக விரிவாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்குள்ள சட்ட அமைப்பு ஒரு முரணைத் தன்னுள் கொண்டுள்ளது. 1972இல் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, துப்பாக்கிகள் அதன் வரம்பிலிருந்து விலக்கப்பட்டன. பொம்மையையும் தொட்டிலையும் திரும்பப்பெறச் சொல்லும் ஆணையத்துக்குத் துப்பாக்கியின் வடிவக் குறையைப் பற்றி ஆணையிட அதிகாரம் இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1975இல், மாக்னுசன்–மாசு உத்தரவாதச் சட்டம் வந்தது. எழுத்தில் உத்தரவாதம் தருபவர் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது முழுமையானதா மட்டுப்பட்டதா என்று தலைப்பிலேயே குறிக்க வேண்டும். எழுத்துறுதி தந்துவிட்டுச் சட்டம் அளிக்கும் உள்ளார்ந்த உறுதிகளை மறுக்கக்கூடாது. அமெரிக்கத் துப்பாக்கி வாங்குபவர்க்கு, பொருளின் பாதுகாப்பை ஆளும் நடுவண் ஆணையம் இல்லை. உற்பத்தியாளரின் வாக்குறுதியை ஆளும் சட்டம் உண்டு. குறை காண்பவரின் கையில் எஞ்சும் முதன்மையான தாள் உத்தரவாத அட்டைதான்.

அந்த அட்டையில் ஏற்கப்படும் பொறுப்பு பெரும்பாலும் ‘மூலப்பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறை’ என்னும் தொடரால் குறிக்கப்படுகிறது. மூலப்பொருள், வேலைப்பாடு என்னும் இரு சொற்களும் தோற்றத்தையும் தழுவக்கூடியவை. சீரற்ற மெருகு வேலைப்பாட்டின் குறையன்றி வேறென்ன? ஆனால் அதை முடிவுசெய்பவர் யார் என்றால், முதற்கட்டத்தில் உற்பத்தியாளரே. அடுத்து வரும் விலக்கு வரிகளில் இயல்பான தேய்மானமும் மேற்பூச்சும் இடம்பெறுவதுண்டு.

பொருளைத் திருப்பி அனுப்புவதும் துப்பாக்கிக்குத் தனிக்கதை. மறைத்துவைக்கக்கூடிய துப்பாக்கிகளைத் தனிமனிதர் அஞ்சலில் அனுப்புவதை 1927ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாநில எல்லை தாண்டிய அனுப்புதலை உரிமம் பெற்ற வணிகர் வழியாக நெறிப்படுத்தியது. ஆயினும் அச்சட்டத்தினுள் ஒரு சிறு வாயில் திறந்திருக்கிறது. பழுதுபார்க்க அனுப்பிய துப்பாக்கியையோ, அதற்கு ஈடாக அதே வகையைச் சேர்ந்த மாற்றுத் துப்பாக்கியையோ, உரிமம் பெற்ற உற்பத்தியாளர் அனுப்பியவருக்கே நேராகத் திருப்பி அனுப்பலாம். நாட்டையே உலுக்கிய அரசியல் படுகொலைகளின் நிழலில் இயற்றப்பட்ட சட்டத்திலும், வாங்கியவருக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலான உத்தரவாத உறவுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

8. இந்தியாவில்: உரிமம், அரசு, வடு

இந்தியாவில் பொருள் விற்பனை முதலில் 1872இன் ஒப்பந்தச் சட்டத்தில் ஓர் இயலாக இருந்தது. 1930இல் தனிச்சட்டம் ஆயிற்று. அதன் 12ஆம் பிரிவு நிபந்தனையையும் உத்தரவாதத்தையும் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் உயிர்நோக்கத்தைச் சார்ந்தது நிபந்தனை; அது மீறப்பட்டால் பொருளையே மறுக்கலாம். துணைநிலையில் நிற்பது உத்தரவாதம். அது மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே. அன்றாட வழக்கில் பெருமிதத்தோடு சொல்லப்படும் ‘வாரண்டி’ என்னும் சொல், இச்சட்டத்தில் இரண்டில் சிறியதன் பெயர்.

16ஆம் பிரிவு ஆங்கிலச் சட்டத்தின் வழியே, பார்த்திருக்க வேண்டிய குறைக்குப் பொறுப்பு இல்லை என்கிறது. 41ஆம் பிரிவு மற்றொரு பக்கத்தைச் சமன்செய்கிறது. முன்னர் ஆராயாத பொருள் ஒப்படைக்கப்பட்டால், ஆராய்வதற்கு நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அதை வாங்கியவர் ஏற்றதாகக் கொள்ளக்கூடாது. யாக்ஞவல்கியர் இரும்புக்குத் தந்த ஒரு நாளின் தற்கால வடிவம் இது. மூடிய பெட்டியில் வரும் துப்பாக்கிக்கு இப்பிரிவே வாங்கியவரின் முதல் அரண்.

1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் குறைபாட்டை அகலமாகவே வரையறுத்தன. தரத்திலோ அளவிலோ தூய்மையிலோ உள்ள பிழை, நிறைவின்மை, பற்றாக்குறை ஆகிய மூன்றும் குறைபாடே. சட்டம், ஒப்பந்தம் ஆகியவை கோரும் தரம் மட்டுமன்றி, விற்பவர் தாமே எந்த வகையிலேனும் சொல்லிக்கொண்ட தரமும் அளவுகோலாகும். விளம்பரத்தின் பளபளப்பே உற்பத்தியாளருக்கு எதிரான சான்றாகக்கூடிய வாயில் இது. குறையை நீக்கவும், புதுப்பொருள் தரவும், விலையைத் திருப்பவும் மாவட்ட ஆணையம் உத்தரவிடலாம்.

ஆனால் துப்பாக்கியை வாங்கியவர் நுகர்வோராக மட்டும் நிற்கவில்லை, உரிமதாரராகவும் நிற்கிறார். 1959இன் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி செய்வதற்கு மட்டுமன்றி, பழுதுபார்க்கவும் சோதிக்கவும்கூட உரிமம் வேண்டும். கைக்கடிகாரத்தின் கீறலைத் தெருமுனைக் கடையில் தேய்த்துக்கொள்வதுபோல இங்கே செய்ய இயலாது. துப்பாக்கியை எடுத்துச் செல்வதும் ஒப்படைப்பதும் உரிமத்தின் கட்டுக்குள் நடக்க வேண்டும். சிறு வடுவுக்காக இத்தனை அலைச்சலா என்று பலர் பேசாமல் விட்டுவிடுவதில் வியப்பில்லை. அந்த மௌனத்தையும் உற்பத்தியாளர் நிறைவின் அடையாளமாக எண்ணிக்கொள்ளலாம்.

உற்பத்தியாளர் யார் என்பதும் இந்தியச் சூழலின் தனித்தன்மை. இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட நெடுங்காலம், புதிய கைத்துப்பாக்கி வேண்டிய குடிமகன் பெரும்பாலும் அரசின் படைக்கலத் தொழிற்சாலைகளையே நாட வேண்டியிருந்தது. உரிமம் தருவதும் அரசு. செய்து விற்பதும் அரசு. குறையைக் கேட்பதும் அரசின் ஒரு துறை. 2014இல் கான்பூரிலிருந்து பெண்களுக்கென ‘நிர்பீக்’ என்னும் சிறு சுழல்துப்பாக்கி வந்தபோது, அது நகைப்பேழையை ஒத்த பெட்டியில் விற்கப்பட்டது. அரசின் தொழிற்சாலையும் தோற்றத்தை விற்பனைப் பொருளாக்கியதற்கு அது சான்று. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாயிற்று; தனியார் உற்பத்தியாளரும் களத்துக்கு வந்துள்ளனர். தேர்வு கூடும்போது மெருகைப் பற்றிய முறையீடுகளும் கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்தல் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்வது இந்திய வழக்கம். பல கைகள் மாறி, பல அலமாரிகளில் கிடந்து துப்பாக்கி திரும்புகிறது. அதில் காணும் கீறல் தொழிற்சாலையில் விழுந்ததா, கிடங்கில் விழுந்ததா, உறையின் உராய்வில் விழுந்ததா? வெடித்த குழல் தன் காரணத்தை உலோக ஆய்வில் வெளியிடக்கூடும். கீறலுக்குப் பிறந்த நாள் எழுதியிருப்பதில்லை. எனவே தோற்றக் குறை வழக்கில் சான்றுச் சுமையே பாதி வழக்கு. பெட்டியைத் திறந்த அன்றே எடுத்த படமும், அன்றே எழுதிய கடிதமும் பிற்காலச் சட்ட வாதங்கள் பலவற்றைவிட வலியவை.

9. பெயரிடும் உரிமை

இந்நெடும் பாதையைத் தொகுத்து நோக்கினால் மூன்று கட்டங்கள் தெரிகின்றன. வாங்குபவர் கடையில் நின்று பார்த்த காலத்தில், தெரியும் குறை அவருடையது. வெடிக்கும் குறைக்கு மட்டும் குழுமமும் அரசும் காவல் நின்றன. தொழிற்சாலையும் தொலைவும் வந்தபின், தோற்றமே நம்பிக்கையின் மொழியாயிற்று. உற்பத்தியாளர் அம்மொழியில் பேசியே விற்றார். இறுதியாக, தோற்றம் பொருளின் தரத்தில் அடங்கும் என்று சில நாடுகளின் சட்டங்கள் ஏற்றன. உத்தரவாதப் பிரிவுகளோ அதைத் தரத்துக்குப் புறம்பானது என்று தொடர்ந்து எழுதிவருகின்றன.

எல்லா வடுவும் குறையாகாது. கருவி என்பது பயன்பாட்டால் தேயும். கையால் செய்ததில் கையின் தடம் இருக்கும். விலை குறைத்து வாங்கியவர் விலைக்கேற்ற மெருகை ஏற்றவராகிறார். இவற்றை மறுப்பது நியாயமன்று. ஆனால் எது வடு, எது குறை என்று பிரிக்கும் கோட்டை உற்பத்தியாளர் மட்டுமே வரைந்து, அதைத் தம் ‘தர எல்லை’ என்று பெயரிட்டு, அந்த எல்லையின் அளவை வெளியிடாமலும் வைத்திருப்பது வேறு செய்தி. இலண்டன் சோதனையாளர் நோக்கியதையும் சோதித்ததையும் எவரும் காணுமாறு உலோகத்தின் மேலேயே பதித்தனர். படைத்துறை ஆய்வாளர் தள்ளியதையும் ஏற்றதையும் எழுத்தால் குறித்தனர். அவர்களின் அளவுகோல் கண்டிப்பானதோ தளர்ந்ததோ, தீர்ப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

உத்தரவாதப் பிரிவுக்கு எழுதும் மனிதர் கேட்பது பெரும்பாலும் புதிய துப்பாக்கியை மட்டும் அன்று. தம் கண்ணில் பட்டதைக் குறை என்று சொல்லும் உரிமை தமக்கும் உண்டு என்பதை ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறார். வாங்குபவனே விழித்திரு என்று நூற்றாண்டுக் கணக்கில் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் விழித்திருந்து பார்த்துச் சொல்லும்போது, பார்த்தது ஒரு பொருட்டன்று என்பது அந்த அறிவுரைக்கே முரணான மறுமொழி.